பதுளையில் ஒரு பழைய ட்ரம் செட்: மலிவு என்பதன் கணக்கு

"அண்ணே, டவுன்ல ஒரு பழைய ட்ரம் செட் இருக்காம். நாப்பதாயிரம் சொல்றாங்க. நீங்க வந்து பாத்துச் சொல்றீங்களா?"

2025 பெப்ரவரியில் பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த அழைப்பு இது. அழைத்தவனும் அவனுடைய நண்பர்கள் இருவரும் சேர்ந்து சிறிய இசைக்குழுவொன்றை ஆரம்பித்திருந்தார்கள். ஒரு கீபோர்டும் ஒரு கிட்டாரும் இருந்தன. ட்ரம்ஸ் மட்டும் இல்லை. பல்கலைக்கழக நாட்களில் நான் ட்ரம்ஸ் வாசித்தவன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டு வருடங்களாக அவர்கள் சேர்த்து வைத்திருந்தது 60,000 ரூபாய். கொழும்புக் கடைகளில் விசாரித்தபோது புதிய செட் எதுவும் அந்தப் பணத்துக்கு எட்டவில்லை. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியது. இறக்குமதியாகும் பல பொருட்கள் அதற்குப் பிறகு பழைய விலைக்குத் திரும்பவில்லை. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கான 8 சதவீதத்தைக் கழித்தால் கையில் 1242. அப்படிப் பார்த்தால் 40,000 ரூபாய் என்பது ஒருவரின் 32 நாள் உழைப்பு. வாங்கிய பிறகு அது உதவாத சாமான் என்று தெரிந்தால் அந்த 32 நாளும் போய்விடும்.

பழைய ட்ரம் செட் வாங்குவது பற்றித் தமிழில் எழுதியவர்கள் குறைவு. அன்று பார்த்ததையும் கற்றதையும் இங்கே எழுதுகிறேன். வடக்கிலோ கிழக்கிலோ மலையகத்திலோ ஊர்க் கழகங்களுக்கும் ஆலயங்களுக்கும் பழைய வாத்தியம் தேடுகிறவர்களுக்கு உதவக்கூடும்.

கூட வந்த தாத்தா

பதுளை பஸ் நிலையத்தில் சந்தித்தபோது இளைஞர்களோடு ஒரு முதியவரும் நின்றார். ஒருவனின் தாத்தா. கிளினிக்குக்கு வந்தவர், "நானும் வந்து பாக்கிறேன்" என்று சேர்ந்துகொண்டார். பேரனுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

தாத்தா தப்பு அடிப்பவர். தோட்டங்களில் தப்பு என்றால் என்ன என்பதை மலையகத்துக்கு வெளியே உள்ள வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். விடியலுக்கு முன் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அழைக்கத் துரைமார் பயன்படுத்திய மணிக்கூடு அதுதான். அதே தப்புதான் சாவு வீட்டிலும் திருவிழாவிலும் மாசி மாதத்துக் காமன் கூத்திலும் ஒலித்தது. ஆனால் அடிக்கும் வேலை ஒரு சாதியின் மீது சுமத்தப்பட்டிருந்தது. கூலியாகச் சாராயமும் சில்லறையும் கொடுத்து, பந்தியில் தள்ளி உட்காரவைத்த காலத்தை தாத்தா மறக்கவில்லை. பேரன் தலைமுறை தப்பைத் தொட விரும்பாததற்கும் ட்ரம் செட்டைத் தேடி அலைவதற்கும் அதுவும் ஒரு காரணம். ட்ரம்ஸ் வாசிப்பவனிடம் யாரும் சாதி கேட்பதில்லை.

எதைப் பார்க்க வேண்டும்

செட் இருந்தது நகரத்தில் ஒரு பழைய வீட்டின் பின்னறையில். உரிமையாளர் எழுபதைத் தாண்டிய தமிழர். பழைய சாக்கை விலக்கியபோது கடல்நீல நிறத்தில் முத்துப்போலப் பளபளக்கும் உறையோடு நான்கு ட்ரம்கள் தெரிந்தன. 20 அங்குல பேஸ், 12 அங்குல டொம், 16 அங்குல புளோர் டொம், 14 அங்குல ஸ்னெயார். இளைஞர்களின் கண்கள் பளபளப்பில் நின்றன. அதைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது கூடு, அதாவது மரத்தாலான உடல். கிழிந்த தோல், துருப்பிடித்த திருகாணி, உடைந்த கால் எல்லாவற்றையும் மாற்றலாம். கூடு கோணினால் மாற்ற முடியாது. தோலைக் கழற்றிவிட்டு அளவுநாடாவால் குறுக்காக மூன்று நான்கு திசைகளில் விட்டத்தை அளக்க வேண்டும். அளவுகள் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வேறுபட்டால் கூடு வட்டமாக இல்லை. அதில் தோல் சீராக இழுபடாது.

இரண்டாவது, தோல் உட்காரும் விளிம்பு. கூட்டைக் கண்ணாடி மேசையிலோ சமமான பளிங்குத் தரையிலோ கவிழ்த்து, உள்ளே கைபேசி விளக்கை வைத்து, அறையை இருட்டாக்க வேண்டும். விளிம்புக்கும் தரைக்கும் இடையே வெளிச்சம் கசியும் இடமெல்லாம் பள்ளம். சிறிய பள்ளத்தை நல்ல தச்சர் தேய்த்துச் சரிசெய்வார். பெரிய பள்ளம் என்றால் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, உட்புறம். பழைய கூடுகள் பெரும்பாலும் ஒட்டுப்பலகை. மலைநாட்டு ஈரத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கலாம். கறையான் தடமும் உளுத்த மாவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னாளில் யாராவது புதிதாகத் துளையிட்டிருந்தால் உள்ளே தெரியும்.

நான்காவது, சிம்பல். ஓரத்திலும் நடுத்துளையைச் சுற்றியும் விரல் நகத்தால் வருடினால் வெடிப்பு அகப்படும். ஓரத்தில் தொடங்கிய வெடிப்பு அடிக்க அடிக்க வளரும். நல்ல சிம்பல்களில் பல 80 வீதம் செம்பும் 20 வீதம் வெள்ளீயமும் கலந்த வெண்கலம். மலிவானவை பித்தளைத் தகடு, தட்டினால் ஒலி சட்டி போல உடனே அடங்கிவிடும். நாங்கள் பார்த்த செட்டின் ஒரே சிம்பலில் இரண்டு அங்குல வெடிப்பு இருந்தது. அதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்று இளைஞர்களிடம் சொன்னேன்.

நான் அளவுநாடாவைத் தேடிக்கொண்டிருக்கும்போது தாத்தா கூட்டை இடுப்பில் அணைத்து, விரல் மூட்டால் சுற்றிச் சுற்றித் தட்டினார். "இந்த எடத்துல சத்தம் செத்துப் போகுது பாருங்க" என்று புளோர் டொம்மின் ஓரிடத்தைக் காட்டினார். விளக்கை வைத்துப் பார்த்தேன். சரியாக அங்கேதான் உள்ளடுக்கு ஓர் அங்குல அகலத்துக்குப் பிரிந்திருந்தது. பசை வைத்து இறுக்கினால் சரியாகும் அளவுதான். மற்றக் கூடுகள் நன்றாக இருந்தன.

மலிவின் முதல் காரணம்

கூட்டிலிருந்த சின்னம் பிரீமியர். 1922இல் லண்டனில் தொடங்கிய பிரிட்டிஷ் நிறுவனம். மெல்லிய ஒட்டுப்பலகைக் கூடும் உள்ளே மேலும் கீழும் ஒட்டிய வலுவளையங்களும் அதன் பழைய செட்களின் அடையாளம். 1960களில் ஜப்பானிலும் ஏராளமான செட்கள் தயாராகிப் பல பெயர்களில் உலகெங்கும் விற்கப்பட்டன. நம் நாட்டில் பழைய செட் தேடுபவருக்கு அவையும் கிடைக்கலாம். சின்னத்தை மட்டும் பார்த்து விலை கொடுக்கக்கூடாது. சின்னத்தைக் கழற்றி வேறு கூட்டில் ஒட்டுவது கடினமான வேலை அல்ல.

நான் கையோடு ஒரு 12 அங்குல பிளாஸ்டிக் தோலைக் கொண்டு போயிருந்தேன். அதை டொம்மின்மேல் வைத்தேன். உள்ளே இறங்காமல் விளிம்பிலேயே நின்றது.

பிரீமியர் நிறுவனம் 1960களின் பிற்பகுதி வரை சில டொம், பேஸ் ட்ரம்களை இன்றைய சர்வதேச அளவைவிடச் சற்றே பெரிதாகச் செய்தது. பெயருக்கு 12 அங்குலம் என்றாலும் இன்றைய 12 அங்குலத் தோல் அதற்குப் பொருந்தாது. தனி அளவுத் தோலை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அனுப்பும் செலவோடு சேர்த்தால் மலிவு போய்விடும். எங்கள் செட்டில் ஸ்னெயாருக்குப் புதிய தோல் பொருந்தியது. பேஸில் இருந்த பழைய தோல்கள் கிழியவில்லை. டொம்கள் இரண்டின் மேல்தோல்கள்தான் கிழிந்திருந்தன. முன்பு வந்து பார்த்த இருவர் இதனால்தான் விட்டுவிட்டுப் போனதாக உரிமையாளரே சொன்னார்.

இளைஞர்கள் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். தாத்தா கிழிந்த தோலை விரலால் நெருடிக்கொண்டு கேட்டார்: "இது ஏன் பிளாஸ்டிக்கா இருக்கணும்?"

அவர் கேட்டது நியாயம். பிளாஸ்டிக் தோல் சந்தைக்கு வந்தது 1950களின் பிற்பகுதியில். அதற்கு முன் ட்ரம் செட்களுக்குப் பெரும்பாலும் கன்றுத் தோல்தான். ஊறவைத்த தோலை ஒரு வளையத்தைச் சுற்றி மடித்துச் செருகி, ஈரத்தோடே கூட்டில் ஏற்றிக் காயவிடுவார்கள். தப்புக்குத் தோல் கட்டத் தெரிந்தவருக்கு இது புதிய வித்தை அல்ல. தோலுக்கு அளவு கிடையாது, வெட்டுகிற அளவுதான் அளவு.

இரண்டாவது காரணம்

எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் பழைய பொருளை வாங்கக்கூடாது. களவுப் பொருளாக இருக்கலாம் என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான காரணம். நமக்கு வேறு காரணமும் உண்டு. கப்பலேறி இந்தியா போனவர்கள் பித்தளைப் பாத்திரத்தையும் மாட்டையும் என்ன விலைக்கு விற்றார்கள் என்பது மலையகத்துக்குத் தெரியும். 2009க்குப் பிறகு வன்னியிலிருந்து எவை எல்லாம் பழைய இரும்பாக லொறியில் போயின என்பது வடக்குக்குத் தெரியும். நம் மண்ணில் அடிமாட்டு விலைக்குக் கிடைத்த பல பொருட்களுக்குப் பின்னால் ஓடிப்போன ஒரு குடும்பம் இருந்திருக்கிறது.

கேட்டோம். செட் அவருடைய அண்ணனுடையது. அண்ணன் 1970களில் கலியாண வீடுகளில் வாசித்தவர். 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது இவர்களுடைய கடையும் எரிந்தது. அதற்கு முந்திய வாரம் ஒரு கலியாணத்தில் வாசித்துவிட்டு, லொறி கிடைக்காததால் செட்டைச் சிங்கள நண்பர் ஒருவரின் வீட்டில் விட்டிருந்தார்கள். அதனால் அது தப்பியது. நண்பர் அதை ஒரு வருடம் கட்டிலுக்கடியில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். அதற்குள் அண்ணன் தலைமன்னாரிலிருந்து கப்பலேறிவிட்டார். 1984இல் அந்தக் கப்பலும் நின்றது. அண்ணன் திரும்பவில்லை. சென்ற வருடம் திருச்சியில் காலமானதாகச் சொன்னார்.

"அவரு இருக்கும் வரைக்கும் விக்க மனசு வரல்ல தம்பி. இப்ப யாருக்காக வச்சிருக்கிறது?"

பேரத்துக்காக நான் மனதில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். வெடித்த சிம்பல், பிரிந்த அடுக்கு, பொருந்தாத தோல், புளோர் டொம்மில் காணாமல் போன ஒரு கால். அதைச் சொல்ல வாய் வரவில்லை. மாறாக, அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னேன். பாகங்கள் கலையாத பழைய பிரீமியர் செட்களை வெளிநாட்டில் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள், விசாரித்தால் கூடுதல் விலை கிடைக்கலாம் என்றேன். இளைஞர்களில் ஒருவன் என் காலை மிதித்தான்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அவங்க வாசிப்பாங்களா?"

"பெரும்பாலும் வைத்திருப்பார்கள், ஐயா."

"வச்சிருக்கிறதுன்னா நானே வச்சிருப்பேனே."

காணாமல் போன காலுக்காக ஐயாயிரம் ரூபாயை அவராகவே குறைத்தார். 35,000. உறையை உரித்துப் புதிய நிறம் பூசக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பழைய உறையை உரித்தால் செட்டின் மதிப்புக் குறையும் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. அண்ணனின் நிறம் என்பதால் கேட்டார்.

கடைசிக் கணக்கு

தோட்டத்துக்குக் கொண்டு போன வாகனக் கூலி 3,500 ரூபாய். ஸ்னெயாருக்குத் தோலும் அடிப்புறக் கம்பிச் சரமும் 9,000. ஆட்டுத் தோல் மூன்று, 2,400. தேவைப்பட்டது இரண்டுதான். முதல் தோலை வெயிலில் காயவிட்ட பேரன் அதை ஒரு பக்கம் சுருங்க வைத்துக் கெடுத்துவிட்டான். நிழலில் இரண்டு நாள் காய வேண்டும் என்று தாத்தா சொல்லியிருந்தார், அவன் கேட்கவில்லை. இரண்டாவது முறை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். பிரம்பை வளைத்து வளையம் கட்டுவதையும், தோலை மடித்துச் செருகுவதையும், ஈரம் இருக்கும்போது எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதையும் அவன் கைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறான்.

மொத்தம் 49,900 ரூபாய். நாற்பது நாள் சம்பளம். மிச்சம் 10,100 சிம்பலுக்காக வைக்கப்பட்டிருக்கிறது.

ஆட்டுத் தோலில் ஒரு குறை உண்டு, வாங்க நினைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். மூடுபனி இறங்கினால் தோல் தளர்ந்து ஒலி தொய்ந்துவிடும். சித்திரைத் திருவிழாவுக்கு நான் போயிருந்த இரவில் மழை தூறியது. மேடைக்குப் பின்னால் பழைய பேப்பரையும் காய்ந்த மாணாப் புல்லையும் கொளுத்தி, தாத்தா டொம்மை அனலில் சுழற்றிக்கொண்டிருந்தார். பேரன் புளோர் டொம்மைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் குந்தினான். "இன்னும் கொஞ்சம் தள்ளிப் புடி, கருகிடும்" என்றார். தள்ளிப் பிடித்தான்.