வானிலைச் சோதனைச்சாலையில் ஒரு பருவம்

சில பாடங்களுக்கு "எளிய பாடம்" என்று பெயர் சூட்டி ஒதுக்கிவிடுவது மாணவர் வழக்கம். முதலாண்டு மாணவர்க்கென இங்கு நடைபெறும் வானிலை, தட்பவெப்பநிலைச் சோதனைப் பாடமும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. "மதிப்பெண் கிடைக்கும், மூளைக்கு வேலையில்லை" என்பார் சிலர். "மழை வருமா என்று பார்க்க ஒரு பாடமா? கைப்பேசி சொல்லிவிடுமே" என்பார் வேறு சிலர். ஆடி தொடங்கி மார்கழி வரையில் அந்தச் சோதனைச்சாலையில் பயின்றவன் நான். அங்கே என்ன செய்கிறோம், அதனால் காசியில் வாழும் நமக்கு என்ன பயன் என்பதைத் தமிழ் மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். வானிலை வேறு, தட்பவெப்பநிலை வேறு. இன்று பிற்பகல் மழை பெய்தால் அது வானிலை. ஓர் ஊரின் வெயிலையும் மழையையும் பல ஆண்டுகள் அளந்து, கூட்டி, வகுத்துக் காணும் பொதுத்தன்மையே தட்பவெப்பநிலை. இக்கணக்குக்கு 30 ஆண்டுகளை ஓர் அளவாக உலகெங்கும் கொண்டுள்ளனர். இப்போது வழங்குவது 1991 முதல் 2020 வரையிலான சராசரி. ஒருநாள் குளிரைக் கண்டு "உலகம் சூடாகவில்லை" என்று வாதிடுவோர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர்.

கோலும் நிழலும்

முதற்சோதனைக்கு வேண்டிய கருவி ஒரு மீட்டர் நீளமுள்ள கோல் ஒன்றே. அதைச் செங்குத்தாக நட்டு, நண்பகலில் நிழலை அளக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்து வந்தால் நிழல் நீண்டுகொண்டே போவது தெரியும். சூன் 21-ஆம் நாளில் காசியில் அந்நிழல் மூன்று சென்டிமீட்டர் அளவே. திசம்பர் 22-ஆம் நாளிலோ 114 சென்டிமீட்டர். அதே நாளில் மதுரையில் ஒரு கோலை நட்டால் நிழல் 66 சென்டிமீட்டர்தான் இருக்கும்.

நிழல் நீண்டால் என்ன? கதிர் சாய்ந்து விழுகிறது என்பது பொருள். ஒரு சதுர மீட்டர் அகலமுள்ள கதிர்க்கற்றை அன்று மதுரையில் 1.2 சதுர மீட்டர் நிலத்தில் பரவுகிறது, காசியில் 1.5 சதுர மீட்டரில் பரவுகிறது. பகலும் இங்கே ஏறக்குறைய பத்தரை மணிநேரம். மதுரையில் பதினொன்றரை மணிநேரம். வரவு குறைந்த குடும்பம் போல் காசி நிலம் மார்கழியில் குளிர்கிறது. போர்வைக்குள் நடுங்கியபடி "இந்த ஊருக்கு ஏன் இத்தனை குளிர்?" என்று நாம் கேட்கும் கேள்விக்கு ஒரு கோலும் அளவுநாடாவும் பெரும்பகுதி விடை கூறிவிடுகின்றன.

பாரமானி கற்பிக்கும் பொறுமை

அடுத்தது காற்றின் அழுத்தத்தை அளக்கும் பாரமானி. அழுத்தம் விழுந்தால் புயல் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். முதல் நாள் காலை 10 மணிக்கு ஓர் அளவு, மாலை 4 மணிக்கு ஓர் அளவு எடுத்தபோது அழுத்தம் இரண்டு, மூன்று மில்லிபார் இறங்கியிருந்தது. வானமோ தெளிவாக இருந்தது. புயலின் சுவடே இல்லை. மறுநாளும் அவ்வாறே.

உண்மை யாதெனில், வெப்ப நாடுகளில் காற்றழுத்தம் கடல் ஓதம் போல் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குகிறது. காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் உச்சம். பின்னிரவு 4 மணியளவிலும் மாலை 4 மணியளவிலும் தாழ்வு. சூரியன் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் எழும் அலை இது. ஆகவே இன்று காலை அளவை இன்று மாலை அளவோடு ஒப்பிடுவது பயனற்றது. நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டில் வீழ்ச்சி தெரிந்தால் அப்போது விழித்துக்கொள்ளலாம்.

இவ்வொப்பீட்டின் அருமையை ஒடிசாக் கடற்கரை அறியும். 1999 அக்டோபரில் வீசிய பெரும் புயலின் நடுவே அழுத்தம் 912 மில்லிபார் வரை இறங்கியது. ஏறக்குறைய பத்தாயிரம் மக்கள் மாண்டனர். 2013 அக்டோபரில் பைலின் என்னும் கடும்புயல் அதே மாநிலத்தைத் தாக்கியது. அதற்கு முன்னரே பல இலட்சம் மக்களை அப்புறப்படுத்திவிட்டமையால் உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. காலத்தில் அளந்து, காலத்தில் அறிவித்து, சொன்னதை மக்கள் நம்பி நடந்ததால் வந்த வேறுபாடு இது.

ஈரத்துணியும் உயிரும்

இப்பாடத்தில் என்னை மிகவும் ஈர்த்தது, கேட்டால் நகைப்புக்கிடமான ஒரு கருவி: இரண்டு வெப்பமானிகள். ஒன்று வெறுமனே இருக்கும். மற்றதன் குமிழில் நனைந்த மெல்லிய துணி சுற்றியிருக்கும். இவை தரைக்கு மேல் நான்கடி உயரத்தில், வெள்ளை பூசிய, வடக்கு நோக்கிய கதவுள்ள ஸ்டீவன்சன் பெட்டிக்குள் இருக்கும். வெயில் படாமலும் காற்று தடைப்படாமலும் இருக்கவே பெட்டியின் சுவர்கள் சாய்சட்டங்களால் ஆனவை.

துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது குமிழின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இவ்வாறே. காற்று வறண்டிருந்தால் நீர் விரைந்து ஆவியாகும்; ஈரக்குமிழ் நன்றாக இறங்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் இறக்கம் குறையும்.

இரண்டு நாட்களை எடுத்துக்கொள்வோம். மே மாதத்தில் 'லூ' என்னும் அனல்காற்று வீசும் பிற்பகலில் உலர்குமிழ் 42 பாகை, ஈரக்குமிழ் 24 பாகை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 20 விழுக்காடு. சூலையில் மழை விட்ட ஒரு பிற்பகலில் உலர்குமிழ் 34, ஈரக்குமிழ் 28. ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கும் மேல். நம் விடுதி அறைகளில் மே மாதத்தில் அமுதம் பொழியும் கூலர், சூலையில் வெறும் விசிறியாகிவிடுவது ஏன் என்பது இப்போது விளங்கும். எந்தக் கூலரும் ஈரக்குமிழின் அளவுக்குக் கீழே காற்றைக் குளிர்விக்க முடியாது. சென்னையில் அதற்கு மதிப்பில்லாமல் போனதும் இதனாலேயே.

நம் உடலும் ஒரு கூலரே; வியர்வைதான் அதன் நீர். தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 பாகை. ஈரக்குமிழ் அந்த அளவை எட்டினால் வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்க வழியில்லை. நிழலில் நீர் அருந்திச் சும்மா இருப்பவரும் சில மணிநேரத்துக்கு மேல் தாங்குவது அரிது. இந்த எல்லையை 2010-இல் ஷெர்வுட், ஹியூபர் என்னும் அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். பென்சில்வேனியாவில் இளைஞர்களைக் கொண்டு செய்து 2022-இல் வெளியிட்ட சோதனையோ, ஈரப்பதம் மிகுந்த சூழலில் ஏறக்குறைய 31 பாகையிலேயே உடல் தத்தளிக்கத் தொடங்குவதைக் கண்டது. வறண்ட வெப்பமும் கொல்லும். வியர்வைக்கு வேண்டிய நீர் உடலில் தீர்ந்துபோனால் கூலர் நின்றது போலத்தான். ஆனால் ஈரவெப்பம் ஓசையின்றி வரும் பகைவன். "34 பாகைதானே!" என்று நாம் அசட்டையாய் இருக்கும் நாளில் வெயிலில் செங்கல் சுமக்கும் தொழிலாளியும், விடுதிச் சமையற்கட்டில் அடுப்பருகே நிற்பவரும் படும் துன்பத்தை உலர்குமிழ் மட்டும் பார்த்து அறிய இயலாது.

கருவிக்குப் பின்னே ஒரு பெண்மணி

இத்தகைய கருவிகளை வெளிநாட்டிலிருந்து தருவித்த காலம் ஒன்று இருந்தது. அதை மாற்றியவர்களுள் முதன்மையானவர் அன்னா மணி. 1918-இல் பீருமேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். 1948-இல் பூனாவில் வானிலைத் துறையில் சேர்ந்து, ஏறக்குறைய நூறு கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, அவை இந்நாட்டிலேயே உருவாக வழிசெய்தார். தவறான அளவு அளவின்மையினும் கேடானது என்பது அவர் கொள்கை. 2001-இல் மறைந்தார். ஊரைவிட்டு வந்து படிக்கும் நமக்கு அவர் வாழ்க்கை ஒரு நல்ல துணை.

நண்பர்களே! இப்பாடத்தில் சேருங்கள் என்று வேண்டுவதோடு நம் சங்கத்துக்கும் ஒன்றை விண்ணப்பித்துக்கொள்கிறேன். இரண்டு வெப்பமானிகளும் ஒரு முழத் துணியும் பெருஞ்செலவு அல்ல. விடுதித் தாழ்வாரத்தில் அவற்றைத் தொங்கவிட்டு, நாள்தோறும் பிற்பகலில் இரு அளவுகளையும் கரும்பலகையில் எழுதுவோம். ஈரக்குமிழ் ஏறிய நாளில் பந்தாட்டத்தை வெயில் தாழ்ந்த பின் வைத்துக்கொள்வோம்; சமையற்கட்டுக்கு மற்றொரு விசிறி கேட்டு விடுதிக் காப்பாளரிடம் எண்ணோடு செல்வோம். "புழுக்கமாக இருக்கிறது" என்னும் முறையீட்டைவிட "ஈரக்குமிழ் 29" என்னும் அளவுக்கு வலிமை அதிகம். படித்த படிப்பு பக்கத்தில் இருப்பவனுக்குப் பயன்பட வேண்டுமென்றால் அதை இந்தத் தாழ்வாரத்திலேயே தொடங்கலாம்.