செல்போன் திரையில் திணறும் தமிழ்

ஆரணியிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்குச் செய்தி, வேலை அறிவிப்பு, பி.எஃப். கணக்கு எல்லாமே செல்போனில்தான். பஸ்ஸில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மறு கையின் கட்டைவிரல்தான் பக்கத்தைத் தள்ளுகிறது. கம்ப்யூட்டர் திரைக்கென்று செய்த பக்கம் வந்தால் அந்த ஒரு விரல் போதாது. எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு வரி இடமும் வலமும் இழுத்தாக வேண்டும்.

இதற்கு வழி 2010 மே மாதமே வந்துவிட்டது. அமெரிக்க வடிவமைப்பாளர் ஈத்தன் மார்காட் ‘ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்’ என்ற கட்டுரையில் மூன்றைச் சேர்த்துச் சொன்னார்: அகலத்துக்கேற்ப விரியும் பத்திகள், கூடவே சுருங்கும் படங்கள், திரையின் அளவு பார்த்து விதியை மாற்றும் ‘மீடியா குவெரி’.

ஆனால் பத்தி சுருங்கினால் மட்டும் தமிழ் படிக்க வசதியாகிவிடாது. ‘கும்மிடிப்பூண்டியிலிருந்து’ என்பது 13 எழுத்துள்ள ஒரே சொல். குறுகிய திரையில் வரியின் கடைசியில் அது கொள்ளாமல் அடுத்த வரிக்கு இறங்கும். இரு ஓரமும் நேராக நிற்கும்படி அமைத்திருந்தால், மேல்வரியில் மிஞ்சிய சொற்களுக்கிடையே ஓட்டை விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. வரி இடைவெளியிலும் ஒரு தொல்லை உண்டு. ‘பூ’வின் வால் கீழே இறங்கும், ‘ண்’ணின் புள்ளி மேலே ஏறும். ஆங்கிலத்துக்கு அளந்த நெருக்கத்தில் இரண்டும் மோதிக்கொள்ளும்.

இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி-யின் அணுகல் வழிகாட்டியே 2008-இல் மிக உயர்ந்த தரநிலைக்கு இவற்றைக் கேட்டது: வரிக்கு 80 எழுத்துக்கு மிகாமை, ஒன்றரை மடங்கு வரி இடைவெளி, இரு ஓரமும் நேராக்காமை. 2018-இல் வந்த 2.1 பதிப்பு, 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் இழுக்காமல் படிக்க முடிய வேண்டும் என்றது.

விதிகள் இருந்தும் பக்கங்கள் சறுக்குவதற்கு ஒரு காரணம், வடிவமைப்பு மேசையில் தமிழ் இல்லாததுதான். ‘லோரம் இப்சம்’ என்ற லத்தீன் நிரப்புரையை ஊற்றி, அழகு பார்த்து ஒப்புதல் வாங்கிவிடுகிறார்கள். தமிழ் கடைசியில்தான் வந்து உட்கார்கிறது. முதல் வரைவிலேயே ஒரு முழுத் தமிழ்ச் செய்தியைப் போட்டு, விலை குறைந்த செல்போனில், எழுத்தை இரு மடங்காக்கிப் பார்க்கட்டும். எங்கே கிழிகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.