பல் ஆடுவது முதுமையின் குற்றமா?

"வயதானால் பல் ஆடத்தான் செய்யும், அதற்கு வைத்தியம் ஏது?" என்று வாளாவிருப்போர் நம் சங்க அங்கத்தினரிடையே பலர். இவ்வெண்ணம் பிழையானது.

ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை பாற்பற்கள் ஆடி விழுவது இயற்கை. வேரையும் எலும்பையும் மெல்லிய நார்கள் பிணைத்திருப்பதால், உறுதியான பல்லும் இம்மியளவு அசையும். அதற்கு மேற்பட்ட ஆட்டமே நோயின் அடையாளம். மில்லர் என்பார் 1950இல் வகுத்த முறைப்படி, பக்கவாட்டில் 1 மில்லிமீட்டர் வரை அசைவது இரண்டாம் நிலை. அதனினும் மிகுந்தாலோ, அழுத்தும்போது குழிக்குள் அமிழ்ந்தாலோ மூன்றாம் நிலை.

இது எவ்வளவு பரவியுள்ளது? இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நடத்திய ஆய்வில், 35 முதல் 44 வயதுடையோரில் நூற்றுக்குச் சுமார் 90 பேருக்கு ஈறு நோய் காணப்பட்டது. இவர்கள் அனைவருக்கும் பல் ஆடவில்லை. ஆனால் ஆட்டத்திற்கு வழி இதுவே. கடுமையான ஈறு நோய் உலகில் 100 கோடிக்கு மேற்பட்டோரைப் பீடித்துள்ளதென உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல் அறிவித்தது. மயிலாப்பூரிலோ, தியாகராய நகரிலோ, அடையாற்றிலோ பல் மருத்துவரை நாடி வருவோரிடையே விகிதம் இன்னும் மிகும். தொல்லையுற்றோரே அங்கு வருகின்றனர். ஆதலின் மருத்துவமனைக் கணக்கை ஊர்க் கணக்காகக் கொள்ளலாகாது.

பல்லில் படியும் அழுக்கு இறுகிக் காரையாகிறது. ஈறு வீங்கி இரத்தம் கசிகிறது. பின்னர் எலும்பு கரைகிறது. பெரும்பாலும் வலி இராது. நீரிழிவும் புகையிலையும் கேட்டை விரைவுபடுத்தும். புகைபிடிப்போர்க்கு இரத்தக் கசிவும் குறைவதால் எச்சரிக்கையே கிட்டாமற் போகும்.

"காரையை எடுத்தால் பல் ஆடிவிடும்" என்று அஞ்சுவோர் உளர். உண்மை வேறு. எலும்பு கரைந்த பல்லைக் காரை தாங்கி நிற்பதுபோல் தோன்றும். நீக்கியதும் முன்பே இருந்த ஆட்டம் வெளிப்படும். காரையை விட்டுவைத்தால் எஞ்சிய எலும்பும் கரையும். இழந்த எலும்பு பெரும்பாலும் மீளாது, எஞ்சியதைக் காக்கலாம். வேரைச் சுத்தம் செய்து, ஆடும் பல்லை அண்டைப் பற்களோடு கம்பியால் பிணைக்கவும் மருத்துவர் அறிவர். பாவு தளர்ந்தால் நெசவாளர் தறியைக் கைவிடுவதில்லையே!

சென்னைக் கோட்டை ரயில் நிலையத்தருகே, 1953இல் தோன்றிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏழையருக்கு உதவுகிறது. பல் மருத்துவக் கல்லூரிகள் முகாம்களும் நடத்துகின்றன. பொதுக்குழு கூடும் நாளில் ஒரு முகாமுக்கு நிர்வாகிகள் ஏற்பாடு செய்வார்களாக. ஈற்றில் இரத்தம் கண்ட அங்கத்தினரோ, அந்நாள் வரை காத்திராது உடனே மருத்துவரை அணுகுதல் நலம்.