படத்தில் தெரியாத சுவர்

மணலூர்ப்பேட்டையின் தென்பெண்ணை மணலும் மேற்கே கல்வராயன் மலைக்காடும் செயற்கைக்கோள் படத்தில் வேறுவேறாகப் பதிகின்றன. பச்சை இலை சிவப்பொளியை உட்கவர்ந்து, அண்மை அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்புவதே காரணம். 1972 முதல் லேண்ட்சாட் வரிசைக் கோள்கள் எடுத்துவரும் படங்களை ஆண்டுவாரியாக ஒப்பிட்டால், காட்டின் பரப்போடு துண்டான காடுகளுக்கிடையே எஞ்சியுள்ள தொடர்பும் புலப்படும்.

நகரத்தில் இது எளிதன்று. சென்னைக் கிண்டித் தேசியப் பூங்கா ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். அதனை ஒட்டி, அக்காட்டிலிருந்து பிரிந்த நிலத்தில், 1959இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. இரண்டிலும் புள்ளிமான்களும் வெளிமான்களும் வாழ்கின்றன. மேலிருந்து நோக்கின் இரண்டன் மரக்கவிகையும் ஒன்றெனவே தோன்றும். ஆயின் லேண்ட்சாட் படத்தின் ஒரு கட்டம் இன்றும் தரையில் 30 மீட்டர். இடையிலுள்ள சுற்றுச்சுவர் அதில் எங்ஙனம் தெரியும்? பறவை அதனைக் கடந்துவிடும், மான் நின்றுவிடும். எனவே ஆய்வாளர் படத்தைக் கையில் ஏந்திச் சுவரோரம் நடந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது.