அழைத்தவர் ஒரு போர்க்கைதி



இறையழைத்தல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குருமடமும் கன்னியர் மடமும்தான். திருத்தந்தை 6-ஆம் பவுல் 1964-இல் தொடங்கிவைத்த இறையழைத்தலுக்கான உலக மன்றாட்டு நாளை, பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறாகிய நல்லாயன் ஞாயிறன்று ஆண்டுதோறும் சிறப்பிக்கிறோம். குருக்கள் வேண்டும், துறவியர் வேண்டும் என்று உருக்கமாக மன்றாடுகிறோம். மன்றாட வேண்டியதுதான். ஆனால் பெரும்பாலும் 'வேறு யார் வீட்டுப் பிள்ளையாவது போகட்டும்' என்பதே நம் உள்மன வேண்டுதல்! நம்மையும் ஆண்டவர் அழைத்திருக்கிறாரா? அழைத்தவர் எங்கே அனுப்பியிருக்கிறார்? இக்கேள்வியோடு நாம் கோவிலை விட்டு வெளியே வருவதில்லை.

புனித தேவசகாயத்தின் வாழ்வை நாம் அறிவோம். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் அரண்மனை அலுவலர். மனைவி பார்கவி அம்மாள். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு மறைசாட்சியானார். 2012-இல் அருளாளர், 2022 மே 15 அன்று புனிதர். குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினருள் இந்தியாவின் முதல் புனிதர் இவரே. 2025-இல் திருஅவை இவரை இந்தியப் பொதுநிலையினரின் பாதுகாவலராகவும் அறிவித்தது. இவை நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகின்றன. அவரை அழைத்தது யார் என்பதை மட்டும் ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

அவரை அழைத்தவர் டிலனாய். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்தவர். 1741-இல் நடந்த குளச்சல் போரில் தோற்று, மார்த்தாண்டவர்மாவிடம் கைதியாகப் பிடிபட்டார். பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளிக்கும் தளபதியானார். மறைபரப்ப யாரும் அவரை இங்கே அனுப்பவில்லை. அவர் வந்தது கம்பெனியின் வணிகத்துக்காக; தங்கியது கைதியாக. பணியிடத்தில் நீலகண்டனோடு பழகினார். கால்நடைகளையும் பயிரையும் இழந்து, வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாகத் துன்பம் சூழ்ந்து, நீலகண்டன் வாடிய முகத்தோடு இருந்த நாட்களில் டிலனாய் காரணம் கேட்டார். கேட்டபின் யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாம் இழந்தும் இறைவனை இழக்காத மனிதரின் கதை அது. அழைப்பு அங்கே பிறந்தது.

இதைப் படிக்கும்போது எனக்கு விவிலியத்தின் ஒரு சிறுமி நினைவுக்கு வருகிறாள் (2 அர 5). சிரியாவின் படைத்தலைவர் நாமான் வீட்டில் வேலைக்காரியாக இருந்த இஸ்ரயேல் சிறுமி. அவளும் போரில் கொண்டுவரப்பட்ட கைதியே. தன் தலைவருக்குத் தொழுநோய் இருப்பதைப் பார்த்து, சமாரியாவில் இறைவாக்கினர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போனால் நலம்பெறுவார் என்று தலைவியிடம் சொன்னாள். அவ்வளவே. அவளுடைய பெயர்கூட எழுதப்படவில்லை. எலிசாவைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்கிறோம். அந்தச் சிறுமி வாய் திறந்திருக்காவிட்டால் நாமான் யோர்தானுக்குப் போயிருப்பாரா?

டிலனாயும் எல்லாவற்றையும் தானே செய்துவிடவில்லை. நண்பர் திருமுழுக்கு வேண்டியபோது, கடிதம் கொடுத்து வடக்கன்குளத்தில் இருந்த இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் அனுப்பினார். 1745-இல் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்று லாசர், அதாவது தேவசகாயம் ஆனார். பிறகு அவர் எங்கே போனார்? குருமடத்துக்கு அல்ல, தம் வீட்டுக்கும் வேலைக்கும்தான் திரும்பினார். முதலில் மனைவியிடம் நற்செய்தியைச் சொன்னார். அவரும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆனார். அடுத்து, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார், சேர்ந்து உண்டார். அரண்மனையைச் சுற்றியிருந்தவர்களால் இதைப் பொறுக்க முடியவில்லை. 1749-இல் கைதானார், எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார். புனிதர் பட்டத்தின்போது சாதிப்பெயரை நீக்கி தேவசகாயம் என்றே திருஅவை அவரை அழைத்தது. இன்றும் அப்பெயரைச் சாதியோடு சேர்த்துச் சொல்லி மகிழ்வோர் நம்மிடையே உண்டு என்பது வருத்தத்துக்குரியது.

திருமுழுக்கும் உறுதிபூசுதலும் பெற்ற ஒவ்வொருவரையும் ஆண்டவரே தூதுப்பணிக்கு ஏற்படுத்துகிறார் என்பதே இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனை (திருஅவை, 33). பங்குக் குருவோ பேரவையோ நியமனம் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாசகம் வாசிப்பதும், பாடகர் குழுவில் பாடுவதும், அன்பியக் கூட்டம் நடத்துவதும் நல்ல பணிகளே. ஆனால் இவையெல்லாம் கோவிலைச் சுற்றியே நடக்கின்றன. 'மிஸ்ஸா' என்ற இலத்தீன் சொல்லின் வேரிலேயே அனுப்புதல் என்ற பொருள் இருக்கிறது. அஸ்தினாபுரத்தில் இருந்து காலையில் குரோம்பேட்டை நிலையத்துக்கு ஓடும் நம்மவர்கள் எங்கெங்கு போகிறார்கள்! தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தின் ஆலைகளுக்கு, மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு, சானடோரியம் மருத்துவமனைக்கு, நகரத்து அலுவலகங்களுக்கு. இந்த இடங்களுக்கெல்லாம் ஒரு குரு தினமும் போக முடியுமா? பக்கத்து இருக்கையில் இருப்பவரின் மகன் தேர்வில் தவறியதும், தையல் இயந்திரத்தில் அருகே இருக்கும் பெண்ணின் கணவர் குடிப்பதும் உங்களுக்குத்தான் தெரியும்.

இன்றைய சூழலில் வேலையிடத்தில் விசுவாசத்தைப் பற்றிப் பேசினால் வீண் வம்பு வராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். துண்டுப்பிரசுரம் நீட்டுவதையோ மற்றவர் சமயத்தைக் குறைத்துப் பேசுவதையோ இங்கே சொல்லவில்லை. டிலனாய் அப்படித் தொடங்கவும் இல்லை. "ஏன் முகம் வாடியிருக்கிறது?" என்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. கேட்ட பிறகு உட்கார்ந்து பதிலைக் கேட்க நமக்கு நேரம் இருக்கிறதா என்பதுதான் கடினமான பகுதி. உங்கள் நம்பிக்கைக்கு என்ன காரணம் என்று அவர்களே ஒருநாள் கேட்டால், பணிவோடு சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி பேதுருவும் எழுதுகிறார் (1 பேது 3:15-16).

தாம்பரத்தில் ரயில் ஏறி ஊருக்குப் போகும் குமரி மாவட்டத்துக் குடும்பங்கள் காற்றாடிமலைக்கும், புனிதரின் கல்லறை இருக்கும் கோட்டாறு பேராலயத்துக்கும் செல்வது வழக்கம். அடுத்த முறை புலியூர்க்குறிச்சி அருகிலுள்ள உதயகிரிக் கோட்டைக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். 1777-இல் இறந்த டிலனாய், அங்கே சிதைந்துபோன ஒரு சிற்றாலயத்தினுள் துயில்கிறார். கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.