எழுதியவரே வெளியிட முடியாத வரலாறு: சிஐஏ-வின் ஜாக் ஃபைஃபருக்கு என்ன நடந்தது?

உளவு அமைப்புக்குள் வரலாற்று ஆசிரியருக்கு என்ன வேலை? இருக்கிறது. அமெரிக்காவின் சிஐஏ-வில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. வெளியில் இருக்கும் பேராசிரியர்கள் கண்ணால்கூடப் பார்க்க முடியாத ஃபைல்கள் இவர்களின் மேசைக்கே வரும். ஒரே சிக்கல், எழுதி முடித்ததை யார் படிக்கலாம் என்று எழுதியவர் முடிவு செய்ய முடியாது.

அந்தச் சிக்கலில் வசமாக மாட்டியவர் ஜாக் ஃபைஃபர். 1970-களில் அவரிடம் வந்த வேலை, சிஐஏ-வின் மிகப் பெரிய தோல்வியின் வரலாறு. 1961 ஏப்ரல் 17-ல், சிஐஏ பயிற்சி கொடுத்த சுமார் 1,400 கியூபா அகதிகள் ஃபிடல் காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்க, 'பே ஆஃப் பிக்ஸ்' எனப்படும் பன்றிகள் விரிகுடாவில் இறங்கினார்கள். மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள்.

ஃபைஃபர் எழுதியது ஐந்து தொகுதிகள். உள்ளே இருந்தவை லேசான விஷயங்கள் இல்லை. சிஐஏ-காரர் ஒருவரே குழப்பத்தில் தங்கள் தரப்பு விமானத்தைச் சுட்டிருக்கிறார். ராணுவம் கைகொடுக்காமல் இந்தத் திட்டம் ஜெயிக்காது என்று சிஐஏ-வின் சொந்தக் குழுவே 1960 நவம்பரில் எழுதி வைத்திருக்கிறது. பிறகும் படகுகள் கிளம்பின!

ஐந்தாவது தொகுதியில் என்ன பிரச்சினை?

தோல்விக்குப் பின் சிஐஏ-வின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் லைமன் கிர்க்பாட்ரிக், தன் அமைப்பையே குற்றம் சாட்டி ரிப்போர்ட் கொடுத்திருந்தார். பதவி கிடைக்காத ஆத்திரத்தில் எழுதியது அது என்று பாய்ந்தார் ஃபைஃபர். அவரும் நடுநிலையான ஆள் இல்லைதான். ஆபரேஷனை நடத்தியவர்கள் பக்கம் சாய்ந்தே எழுதினார். தலைமை வரலாற்று ஆசிரியர் அதை ஏற்கவில்லை. தொகுதி, 'டிராஃப்ட்' என்ற முத்திரையோடு அலமாரிக்குப் போனது.

1984-ல் ஓய்வுபெற்ற ஃபைஃபர், தான் எழுதியதை வெளியிடக் கேட்டு கோர்ட் வரை போனார். தோற்றார். 1997-ல் இறந்தும்போனார்.

அதன் பிறகுதான் கதை சூடுபிடிக்கிறது. நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ் என்ற ஆய்வு அமைப்பு, நம்ம ஊர் ஆர்டிஐ மாதிரியான சட்டத்தின் கீழ் 2011-ல் வழக்குப் போட்டது. மற்ற தொகுதிகள் வெளியே வந்தன, ஐந்தாவது வரவில்லை. அரைகுறை டிராஃப்ட் வெளியே போனால் மக்கள் குழம்புவார்கள், இனி எழுதுபவர்களும் தயங்குவார்கள் என்றது அரசுத் தரப்பு. 2014-ல் அப்பீல் கோர்ட் 2-1 என்ற கணக்கில் அதை ஒப்புக்கொண்டது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பிரெட் கவனா. இப்போது அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி.

கடைசியில் பூட்டைத் திறந்தது சட்டத் திருத்தம். 25 ஆண்டுகளைத் தாண்டிய ஆவணங்களுக்கு 'டிராஃப்ட்' என்ற காரணம் செல்லாது என்று 2016-ல் நாடாளுமன்றம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 31-ல் ஐந்தாவது தொகுதி வெளியானது. கூடவே சிஐஏ-வின் அன்றைய தலைமை வரலாற்று ஆசிரியர் ஒரு குறிப்பையும் இணைத்திருந்தார்: இது ஒருதலைப்பட்சமானது, அதனால்தான் அன்றைக்கே நிராகரித்தோம் என்று.