சம்பளக் கணக்குக்கு மென்பொருள்: சங்கங்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய முறை

மாதம் பிறந்தால் எந்தச் சங்க அலுவலகத்திலும் முதலில் எழும் கேள்வி, ‘பட்டுவாடா என்றைக்கு?’ என்பதுதான். துணியை நெய்து ஒப்படைத்த நெசவாளர், கிட்டங்கியில் மூடை சுமந்தவர், விற்பனைப் பிரிவில் நின்ற சிப்பந்தி ஆகிய யாவருக்கும் அன்று கைக்கு வரும் தொகையே அம்மாதத்து அடுப்பெரிக்கும் முதலாகும். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டமுமாகும். இக்கணக்கைக் கணிப்பொறியில் போடுவதற்கென்று பல மென்பொருள்கள் இன்று விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றுள் ஒன்றை வாங்க எண்ணும் சங்கங்கள் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

நாம் சொல்ல வருவது சுருக்கமானது. விற்பவர் தம் மாதிரிக் கணக்கைக் கொண்டு காட்டும் வேடிக்கையைப் பார்த்து மென்பொருளை மதிப்பிடலாகாது. நம்முடைய பேரேட்டைக் கொடுத்து, நம்முடைய கணக்கைப் போட வைத்தே அதை மதிப்பிட வேண்டும்.

இரண்டு அனுபவங்கள்

சம்பளக் கணக்கில் யந்திரத்தின் உதவியை நாடுவது புதிய விஷயமன்று. இங்கிலாந்தில் லயன்ஸ் என்னும் தேநீர்க்கடைக் கம்பெனி, ‘லியோ’ என்ற கணிப்பொறியைத் தானே செய்து, 1951-இல் வியாபாரக் கணக்குக்குப் பயன்படுத்தியது. 1954-இல் தன் தொழிலாளர் சம்பளத்தையும் அதிலேயே போட்டது. தன் கணக்கு இன்னதென்று நன்கறிந்த கம்பெனி, அக்கணக்குக்கு ஏற்றபடி யந்திரத்தை அமைத்துக்கொண்டது.

இதற்கு மாறான அனுபவம் கானடா தேசத்தினுடையது. அந்நாட்டு அரசாங்கம் 2016-இல் ‘பீனிக்ஸ்’ என்னும் சம்பள மென்பொருளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. போதிய சோதனையின்றியும், சம்பளக் கணக்கில் பழகிய சிப்பந்திகளைக் குறைத்துவிட்டும் அதைத் தொடங்கினார்கள். அதன் விளைவாகச் சிலருக்குச் சம்பளமே வரவில்லை. சிலருக்குக் குறைந்து வந்தது. மிகுதியாகப் பெற்றவர்களோ பின்னர் திருப்பிக் கட்ட நேர்ந்தது. பொருளும் ஆளும் மிகுந்த ஓர் அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், சிறு சங்கம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

முதலில் நம் வழக்கத்தை எழுதுக

மென்பொருளைப் பார்க்கப் போகுமுன், நம் சங்கத்தில் கூலி கணக்கிடப்படும் முறையை ஒரு தாளில் எழுதிக்கொள்வது அவசியம். மாதச் சம்பளம் பெறும் சிப்பந்திகளின் கணக்கை எந்த மென்பொருளும் போடும். சிக்கல் எழுவது மற்றவர்களின் கணக்கில்தான்.

வடசேரியில் தறியில் அமரும் அங்கத்தினருக்கு நாட்கணக்கில் கூலி இல்லை. நெய்து கொடுத்த உருப்படிக்குத்தான் கூலி. வேட்டிக்கு ஒரு வீதம், புடவைக்கு ஒரு வீதம், கரையின் வேலைப்பாட்டுக்கேற்ப மற்றொரு வீதம் என்று அது மாறும். கொடுத்த நூலுக்குக் கணக்கு உண்டு; பண்டிகை முன்பணத்துக்குத் தவணை உண்டு; நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்துக்கு, கூலியில் ரூபாய்க்கு இத்தனை காசு என்று பிடித்தமும் உண்டு. விளைவிப்போர் சங்கங்களிலோ, கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடைக் காலங்களில் சுமை கூலிக்காரர் பெருகி, மற்ற மாதங்களில் குறைந்துவிடுவர். ஆள் ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று வாடகை வாங்கும் மென்பொருளானால், இந்த ஏற்ற இறக்கத்தில் செலவு எப்படி அமையும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

சட்டப்படியான பிடித்தங்கள்

பி.எப். என்று நாம் வழங்கும் வருங்கால வைப்பு நிதி 20 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கும், இ.எஸ்.ஐ. என்னும் ஈட்டுறுதி பொதுவாக 10 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கும் உரியது. ஆனால் 50 பேருக்குக் குறைவாக வைத்து, மின்விசை முதலிய யந்திர சக்தியின் துணையின்றி நடக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு 1952-ஆம் ஆண்டு வைப்பு நிதிச் சட்டம் விலக்களித்தது. நம் சங்கம் இப்பொழுது எந்த வகையில் சேரும் என்பதை வைப்பு நிதி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு அறிந்த பின்னரே வாங்க முற்படலாம்.

இரண்டுக்கும் உட்பட்ட ஒரு சிப்பந்தியின் கணக்குக்குரிய ஊதியம் ரூ.12,000 என்று கொள்வோம். வைப்பு நிதிக்கு நூற்றுக்கு 12 வீதம் ரூ.1,440, ஈட்டுறுதிக்கு நூற்றுக்கு 0.75 வீதம் ரூ.90. கைக்குக் கிடைப்பது ரூ.10,470. சங்கம் தன் பங்காக வைப்பு நிதிக்கு இன்னொரு ரூ.1,440 கட்ட வேண்டும், அதில் 8.33 வீதமாகிய ரூ.1,000 ஓய்வூதியக் கணக்குக்கும், மீதி ரூ.440 வைப்பு நிதிக்கும் பிரியும். ஈட்டுறுதிக்குச் சங்கத்தின் பங்கு 3.25 வீதம், அதாவது ரூ.390. இந்த ஒரு கணக்கைப் போடச் சொல்லி, ஒவ்வொரு தொகையும் உரிய கலத்தில் விழுகிறதா என்று பார்த்தாலே மென்பொருளின் தரம் பாதி விளங்கிவிடும்.

தொழில் வரியையும் மறக்கலாகாது. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் அது மாதந்தோறும் பிடிக்கப்படுவது. நம் தமிழ்நாட்டிலோ உள்ளாட்சி மன்றங்கள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன. பிற மாநிலத்து வழக்கத்தை மனத்திற்கொண்டு செய்த மென்பொருள் இதில் தவறும்.

விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. வைப்பு நிதியின் ஊதிய வரம்பு 2014-இல் ரூ.6,500-லிருந்து ரூ.15,000 ஆயிற்று, ஈட்டுறுதிச் சந்தா வீதங்கள் 2019 ஜூலையில் குறைந்தன, 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, ‘ஊதியம்’ என்பதன் இலக்கணமே மாறியது. விதி மாறும்போது மென்பொருளைத் திருத்தித் தருபவர் யார், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது நலம்.

சொந்தப் பொறியிலா, இணையத்திலா?

மென்பொருள்கள் இரு வகை. பெங்களூரில் தோன்றிய ‘டாலி’ போன்றவை அலுவலகக் கணிப்பொறியிலேயே நிறுவப்படுபவை. தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ‘ஸோஹோ’ போன்றோர் தருபவை இணையத்தின் வழியாக இயங்குபவை. முன்னதில் கணக்கு நம் கைவசம் இருக்கும். பொறி பழுதானால் கணக்கும் போகக்கூடும். பின்னதில் கணக்கு வேறிடத்தில் பத்திரமாக இருக்கும். ஆனால் இணையம் இல்லாத நாளில் அதை அணுக இயலாது.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியதை எவரும் மறந்திரார். மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அது மாதக் கடைசி; சம்பளம் போடும் வேளை. ஆகவே எவ்வகை வாங்கினாலும், மாதந்தோறும் சம்பளப் பட்டியலைத் தாளில் அச்சிட்டுக் கையொப்பத்துடன் பாதுகாப்பதும், கணக்கின் நகலொன்றை வேறு கட்டிடத்தில் வைப்பதும் கட்டாயமாகும்.

சோதனை

தேர்ந்தெடுத்த பின்னரும் பழைய பேரேட்டை உடனே மூடிவிடக் கூடாது. குறைந்தது இரண்டு மாதம் கையாலும் மென்பொருளாலும் கணக்கைப் போட்டு, வரிக்கு வரி ஒத்துப் பார்க்க வேண்டும். அவ்விரு மாதங்களில் ஒன்று, முன்பணமும் போனசும் வரும் மாதமாக அமைவது சிறப்பு. பெயர், பிறந்த தேதி ஆகியவை ஆதாரிலும் வைப்பு நிதிக் கணக்கிலும் ஒன்றாக உள்ளனவா என்பதையும் அப்பொழுதே சரிபார்க்க வேண்டும். இன்று ஓர் எழுத்துப் பிசகினால், பிற்காலத்தில் அவருடைய விதவை ஓய்வூதியத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய நேரும்.

நிர்வாகக் குழுவினர் விற்பவரிடம் மேலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். சம்பளச் சீட்டு தமிழில் கிடைக்குமா? கணக்கைத் திருத்தியவர் யார், என்றைக்கு என்பது பதிவாகுமா? நாளை இம்மென்பொருளை விட்டால் நம் கணக்கு முழுவதையும் நம்மிடம் ஒப்படைப்பார்களா? மூன்றாவதற்குத் தெளிவான பதில் இல்லையானால், விலை எவ்வளவு மலிவாயினும் அதை ஒதுக்கிவிடலாம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம்மவர் மொழி. கூலியை அளக்கும் கருவியை வாங்குகையில் அது இன்னும் பொருந்தும். அடுத்த குழுக் கூட்டத்துக்குச் சென்ற மாதச் சம்பளப் பட்டியலையும், மேலே கூறிய வழக்கத் தாளையும் கொண்டுசென்று, அவற்றைக் கொண்டே ஆலோசனையைத் தொடங்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.